சாமி அறைக்கு மேலே நாற்பத்து மூன்று போத்தல்கள்

என் அப்பா வைன் குடித்ததில்லை. ஆனால் கண்டி வாவியைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் ஒரு ஹோட்டலில் முப்பத்தொரு வருடம் வைன் பரிமாறியிருக்கிறார். தண்ணீர் வைக்கும் வெயிட்டராகச் சேர்ந்தவர். கடைசிப் பன்னிரண்டு வருடம் வைன் பொறுப்பு முழுவதும் அவர் கையில்தான் இருந்தது. எந்த மேசைக்கு எந்தப் போத்தல் போக வேண்டும், எது கெட்டுவிட்டது என்பதையெல்லாம் முகர்ந்தே சொல்வார். "நான் மூக்கால சம்பாரிச்சவன்" என்பது அவர் பெருமை. ஏன் வாயில் வைக்கவில்லை என்று கேட்டால் அம்மாவைக் கை காட்டுவார். அம்மாவைக் கேட்டால், "நான் என்னைக்கு வேணாம்னேன்? அவருக்குத்தான் பயம்" என்பாள்.

குடிக்காதவர் வீட்டில் நாற்பத்து மூன்று போத்தல் வைன் இருந்தது. ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் பெட்டியில் இடமில்லாமல் கொடுத்துவிட்டுப் போனவை சில. வைன் கொண்டுவரும் கம்பனிக்காரர்கள் நத்தார்ப் பண்டிகைக்குக் கொடுத்தவை சில. ஹோட்டல் தன் பட்டியலை மாற்றும்போது ஒன்றும் இரண்டுமாக மிஞ்சி, முதலாளி "நீயே எடுத்துக்கோ" என்று சொன்னவை மற்றவை. துவாயில் சுற்றிப் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். எல்லாம் மாடியறை அலுமாரிக்குள் போகும். அந்த மாடியறைதான் என் அறை. உயர்தரப் பரீட்சைக்கு நான் இரசாயனம் படித்தது எத்தனோல் நிறைந்த ஓர் அலுமாரிக்குப் பக்கத்தில்.

இந்த வருடம் அப்பா முதல் தடவையாகச் சபரிமலைக்கு மாலை போடுவதாக முடிவு செய்தார். ஓய்வுபெற்று மூன்று வருடமாகிறது. கோயில் கூட்டத்தோடு போய் குருசாமியிடம் பேசிவிட்டு வந்தவர், வாசலிலேயே செருப்போடு நின்றார்.

"மாலை போடுற வீட்டுல மது இருக்கக்கூடாதாம்."

"நீங்க ஏன் அதைப் போய்ச் சொன்னீங்க?" என்றாள் அம்மா.

"நான் சொல்லலை. வீட்டுல எல்லாம் சுத்தந்தானேன்னு கேட்டாரு. நான் கொஞ்சம் யோசிச்சேன். யோசிச்சதைப் பாத்துட்டாரு."

ஆக, கார்த்திகை பிறப்பதற்குள் போத்தல்கள் வீட்டைவிட்டுப் போக வேண்டும். கொட்டுவதற்கு அப்பாவுக்கு மனமில்லை. விற்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் பல்லேகலையில் ஓர் உணவுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். எதையும் அட்டவணை போடாமல் தொடங்க எனக்கு வராது. வீட்டில் இதைக் குணம் என்று சொல்வதில்லை, வியாதி என்கிறார்கள்.

அட்டவணை இப்படி இருந்தது: எண், நிறம், நாடு, வருடம், மூடி, அலுமாரியின் எந்தத் தட்டு. தக்கை அடைத்தவை இருபத்தொன்பது. திருகு மூடி போட்டவை பதினான்கு. தக்கைப் போத்தல்கள் மேல் மூன்று தட்டிலும் நாடுவாரியாக, பள்ளிக்கூடப் படம் பிடிக்க நிற்கிற பிள்ளைகள்போல உயரப்படி நின்றன. திருகு மூடிக்காரர்கள் எல்லோரும் கீழ்த்தட்டில், அப்பாவின் பழைய சப்பாத்துகளோடு கிடந்தார்கள்.

"இதை ஏன் கீழ போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சோடாப் போத்தல், புள்ள. வைன்னா தக்கை இருக்கணும். அதையெல்லாம் லிஸ்டுல சேக்காத."

"சேத்தாச்சு."

"அழிச்சிரு."

நான் அழிக்கவில்லை. ஆனால் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொன்று உறுத்தியது. வைனைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. தக்கை பற்றித் தெரியும். தக்கை ஈரமாக இருந்தால்தான் உப்பிக் கழுத்தை அடைக்கும். அதற்காகத்தான் போத்தலைப் படுக்க வைப்பார்கள். காய்ந்தால் சுருங்கும், காற்றுப் போகும், உள்ளே இருப்பது கெடும். இது எனக்கே தெரியும் என்றால் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் நாற்பத்து மூன்றும் நிமிர்ந்து நின்றன.

காரணம் அம்மா. எங்களுடையது பழைய வீடு, மாடித்தளம் பலகை. பலகைகளுக்கு இடையில் விரல் போகாவிட்டாலும் வெளிச்சம் போகும். மாடியறைக்கு நேர் கீழே சாமி அறை. அப்பா முதல் நான்கு போத்தலைக் கொண்டுவந்து முறைப்படி படுக்க வைத்த அன்று அம்மா மேலே ஏறி வந்து பார்த்திருக்கிறாள்.

"இது ஒழுகுனா எங்க போகும்?" என்று கேட்டாளாம்.

"ஒழுகாது" என்றாராம் அப்பா.

"ஒழுகுனான்னு கேட்டேன்."

கீழே நேராக முருகன் படம். அன்று எழுந்து நின்ற போத்தல்கள், இருபத்திரண்டு வருடம் நின்றன.

நான் ஒரு சின்ன வெப்பமானியை, தானே பதிவு செய்துகொள்கிற வகையை, இரண்டு கிழமை அலுமாரிக்குள் வைத்தேன். மேலே அஸ்பெஸ்டஸ் கூரை. மேல்தட்டில் பகல் முப்பத்தொரு பாகை வரை போனது. கீழ்த்தட்டு நான்கைந்து பாகை குறைவு. அன்று இரவு என் கொப்பியில் "தெரிந்தவை", "தெரியாதவை" என்று இரண்டு தலைப்புப் போட்டேன். தெரிந்தவை பக்கம் நிறைந்துவிட்டது. தெரியாதவை பக்கத்தில் ஒரே ஒரு வரி: இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது.

ஏனென்றால் அவர் விற்பனைக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார். விலை பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"முச்சக்கரவண்டிக்குப் பின்னால நின்னு பைட்ஸோட குடிக்கிறவங்களுக்குக் குடுக்கக்கூடாது. விரிப்புப் போட்ட மேசைக்குப் போகணும். மொதப் போத்தலை நான்தான் திறக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, அம்மா அடுப்படியில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்கம்மா ஒருதடவை பாக்கணும். முப்பத்தொரு வருஷம் நான் என்ன வேலை செஞ்சேன்னு அவளுக்குத் தெரியாது."

அது உண்மை. அம்மா அந்த ஹோட்டலுக்குள் காலடி வைத்ததே இல்லை. உறவுக்காரர்களிடம் அப்பாவின் வேலையை "ஹோட்டல்ல பெரிய பொறுப்பு" என்று சொல்லிவிட்டு உடனே சட்னியைப் பற்றிப் பேசத் தொடங்குவாள். அப்பாவுக்கு வேண்டியிருந்தது அவள் பார்வையில் அரை மணி நேரம். அதற்கு அந்தப் போத்தல்கள் நல்லவையாக இருக்க வேண்டும். எனக்கோ அவை செத்துவிட்டன என்று ஏறக்குறைய நிச்சயமாகத் தெரியும்.

நான் கோழைத்தனமாக ஒரு விளம்பரம் போட்டேன். யாராவது வாங்கிக்கொண்டு போய்விட்டால், திறந்து பார்க்கும் வேளையில் நாங்கள் பக்கத்தில் இருக்க மாட்டோம் என்று ஒரு கணக்கு. இணையத்தில் பழைய சாமான் விற்கும் பக்கமொன்றில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன்: வைன் போத்தல்கள் விற்பனைக்கு, கண்டி.

இதில் இரண்டு பிழை விட்டேன். முதலாவது, நம் நாட்டில் "வைன்" என்றால் வைன் இல்லை. கம்பிவலை அடித்த கடைக்கு மேலே "வைன் ஸ்டோர்ஸ்" என்று பலகை இருக்கும், உள்ளே சாராயமும் பியரும் இருக்கும். திராட்சை வைன் இருந்தால் மேல்மூலையில் தூசி பிடித்திருக்கும். இரண்டாவது, நான் விளம்பரம் போட்டதற்கு மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. நாடு முழுக்க அந்தக் கடைகள் எல்லாம் பூட்டியிருக்கும் நாள்.

காலை ஆறு மணிக்கு முதல் அழைப்பு.

"அக்கா, தொறந்துட்டீங்களா?"

"இது கடை இல்லீங்க."

"வெளங்குது, வெளங்குது. பின்வாசலா?"

அடுத்தவர் பிலிமத்தலாவையிலிருந்து பேசினார். "பஸ் எடுக்கட்டுமா, வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க." இன்னொருவர் கால் போத்தல் உண்டா என்றார். இன்னொருவர் நான் பிரெஞ்சு வைன் என்று சொன்னதைக் கேட்டு, "அது ஏறுமா?" என்றார். பத்து மணிக்கு நான் குளிக்கப் போன நேரம் அம்மா போனை எடுத்துவிட்டாள்.

"இது மாலை போடப்போற வீடு! வெக்கமா இல்லையா, போயா அன்னைக்கு?" என்று கத்துவது குளியலறைக்குள் கேட்டது. பிறகு அம்மா கொஞ்சம் இறங்கிய குரலில், "சரி, சரி. உங்க பேரு என்ன, நட்சத்திரம் என்ன?" என்றாள். கேட்டவன் தனக்கும் சேர்த்து மலையில் கும்பிடச் சொன்னானாம்.

மறுநாள் ஆய்வுகூடத்தில் என் பக்கத்து மேசைத் தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் அக்குறணைக்காரி, முஸ்லிம். எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சிரிப்பவள். அன்று சிரிக்கவில்லை.

"ஒனக்கு லைசன் ஈக்கா?"

"கார் லைசன்ஸா?"

"சாராயம் விக்கிற லைசன்டி."

"இது சாராயம் இல்ல, வைன்."

"அதை எக்சைஸ்காரனுக்கு வெளங்கப்படுத்து. இரு, எங்கட நானா லோயர்தானே, கேட்டுச் செல்றன்." வெளியே போய் அண்ணனிடம் பேசிவிட்டு வந்தாள். "உடனே அழிக்கட்டாம். லைசன் இல்லாம ஒரு போத்தல்கூட விக்கேலாதாம். ஒன்னப் போல படிச்ச புள்ளைகள்தான் இப்பிடி மாட்டுறதாம்." பிறகுதான் சிரித்தாள். "நான் அதை மணந்தும் பாக்காதவ. ஒனக்காக லோயர் புடிச்சுத் தாறன். மறந்துறாத."

விளம்பரத்தை அழித்தேன். ஆனால் போயா அன்று வந்த அழைப்புகளில் ஒன்று மட்டும் வேறுமாதிரி இருந்தது. பேசியவர் யாழ்ப்பாணத்தவர். பல வருடம் சுவிஸில் சாப்பாட்டுக்கடைகளில் சமைத்துவிட்டுத் திரும்பிவந்து, ஹந்தானை மலையில் ஒரு சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறார். அவர் கேட்ட முதல் கேள்வி எந்த நாடு என்பது. இரண்டாவது எந்த வருடம் என்பது. மூன்றாவது:

"பிள்ளை, போத்தலுகளைப் படுக்க வச்சிருக்கிறியளோ, நிப்பாட்டி வச்சிருக்கிறியளோ?"

"நிக்குதுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

நான் அவரை மறுபடி அழைத்து, விற்க முடியாது என்ற சட்டத்தைச் சொன்னேன். போத்தல்களின் நிலையைப் பற்றி எனக்குள்ள சந்தேகத்தையும் சொன்னேன். அப்பாவின் நிபந்தனையையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வரிசையாகச் சொல்லிப் பழகிவிட்டது.

"ஓம், சட்டம் எனக்குந் தெரியும்" என்றார் அவர். "காசுக் கதையை விடுங்கோ. வாற ஞாயிறு மத்தியானம் எங்கட ஆக்கள் பத்துப் பேர் சாப்பிட வருகினம். மேசைக்கு விரிப்பும் போடுவன். ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. திறந்து பாப்பம். நல்லதெண்டா பிறகு கதைப்பம்."

அப்பாவிடம் நான் நல்ல பகுதியை மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலை வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்தோம். தக்காளிப் பெட்டிகளில் பத்திரிகைத் தாள் சுற்றி அடுக்கினேன். சோடாப் போத்தல்களை வீட்டில் விட்டுவிடச் சொல்லி அப்பா இரண்டு தடவை சொன்னார். அட்டவணையில் இருப்பது பெட்டியில் இருக்க வேண்டும் என்பதால் நான் பதினான்கையும் அடியில் வைத்து, மேலே அம்மாவின் பழைய சேலையைப் போட்டேன். அப்பா கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும், அதற்கு மேலே ஹோட்டலில் போடும் கையில்லாத கறுப்பு அங்கியும் போட்டு இறங்கி வந்தார். அதன் பொத்தான்கள் மூன்று வருடத்து வீட்டுச் சாப்பாட்டோடு போராடிக்கொண்டிருந்தன.

"மூச்சு விட்டா தெறிக்கும், பாத்துக்கங்க" என்றாள் அம்மா.

"அதனாலதான் விடாம இருக்கேன்" என்றார் அப்பா.

விடுதியின் விறாந்தையில் நீள மேசை. வெள்ளை விரிப்பு. பத்துப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். விடுதிக்காரர் அம்மாவுக்கு ஓரமாக ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பல் வைத்தியரிடம் வந்தவள்போல உட்கார்ந்தாள். நான் கொப்பியோடு பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அப்பா இடது கையில் துணியை மடித்துப் போட்டார். அந்த நொடியில் அவர் வேறு ஆள். வீட்டில் நடக்கும்போது செருப்பு இழுபடும் மனிதர், அங்கே சத்தமில்லாமல் நடந்தார். முதல் போத்தலை இரண்டு கையாலும் ஏந்தி விடுதிக்காரருக்கு லேபிளைக் காட்டினார். கழுத்துத் தகட்டை ஒரே சுற்றில் வெட்டினார். திருகாணியை இறக்கி மெல்ல இழுத்தார். தக்கை பாதியில் உதிர்ந்தது. மீதியைப் பொறுமையாக எடுத்து, முகர்ந்தார். போத்தல் வாயை முகர்ந்தார்.

"மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு அதைப் பக்கத்து மேசையில் வைத்தார்.

இரண்டாவது. முகர்ந்தார். பக்கத்து மேசை. மூன்றாவது. நான்காவதைத் திறந்தபோது, இரண்டடி தள்ளி நின்ற எனக்கே ஊறுகாய்ச் சட்டியின் வாசம் அடித்தது. அப்பாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே "மன்னிக்கணும்", அதே நிதானம். காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

"அண்ணை, வினாகிரிக்கு விடலாம், வீணாகாது" என்றார் மேசையிலிருந்த ஒரு பெரியவர், இளக்கமாக.

ஆறாவதும் போனபோது விடுதிக்காரர் எழுந்துவந்தார். "ஐயா, பரவாயில்லை. விடுங்கோ, குடிப்பம். எங்கட ஆக்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகுது?"

"இல்லீங்க" என்றார் அப்பா. "கெட்டதை நான் மேசையில வச்சதில்ல."

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. குனிந்து சேலையை விலக்கி, அடியிலிருந்து ஒரு திருகு மூடிப் போத்தலை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சோடாவா?" என்றார் உதடு அசையாமல்.

"சோடாதான்."

திருகாணியை வைத்துவிட்டு வெறுங்கையால் மூடியைத் திருகினார். அந்தச் சத்தம் அவரை அவமதித்தது என்று எனக்குத் தெரிந்தது. வாயருகே மூக்கைக் கொண்டுபோனார். எடுத்தார். மறுபடி கொண்டுபோனார். இந்தத் தடவை நெடுநேரம், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு விடுதிக்காரரின் கிளாஸில் ஒரு வாய் அளவு ஊற்றி, ஒரு எட்டுப் பின்னால் போய் நின்றார்.

விடுதிக்காரர் குடித்தார். "ஓம்" என்றார். கிளாஸை முன்னால் நகர்த்தினார், நிரப்பச் சொல்லி.

அப்பா பத்துப் பேருக்கும் ஊற்றினார். வலப்பக்கத்திலிருந்து வந்தார். ஊற்றி முடிக்கும்போது மணிக்கட்டை மட்டும் ஒரு திருப்பு. கழுத்தைத் துணி தொட்டுவிட்டுப் போகும். கிளாஸ்களில் இருந்த மட்டங்களைக் கண்ணால் அளந்தேன். எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு பயிற்சியாளர் இப்படி அளந்து ஊற்ற ஆறு மாதமாகும். ஒரு போத்தல் முடிய இன்னொன்று. கீழ்த்தட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக மேசைக்கு வந்தார்கள். ஒருவரும் கெட்டிருக்கவில்லை.

அம்மா கைப்பையைக் கீழே வைத்திருந்தாள். முன்னால் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரு இந்த மனுசனை" என்றாள் என்னிடம். "வீட்டுல சாம்பார் ஊத்தச் சொன்னா பாதி தரையில."

சாப்பாடு பாதியில் அப்பா எங்கள் பக்கம் வந்தார். நெற்றியில் வியர்வை. மகிழ்ச்சியா அவமானமா என்று தெரியாத முகம். அம்மா பக்கத்து மேசையைக் கண்ணால் காட்டினாள். அங்கே ஆறு போத்தல் திறந்தபடி நின்றன.

"அது ஏன் கெட்டுப்போச்சு?"

"கூரைச் சூடு" என்றார் அப்பா சட்டென்று. "அஸ்பெஸ்டஸ்தானே. அதான்."

நான் கொப்பியை மூடினேன். காரணங்களை வரிசைப்படி அதில் எழுதியிருந்தேன். சூடு இரண்டாவது.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அந்தத் திருகுற மூடி மட்டும் எப்படி நல்லா இருக்கு? அதுவும் அதே கூரைக்குக் கீழதானே இருந்துச்சு?"

அப்பா துணியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். நான் மலையைப் பார்த்தேன்.

"தக்கைன்னா படுத்திருக்கணும், அப்படித்தானே?" என்றாள் அம்மா. "மொத நாள் நீங்க படுக்க வச்சிருந்தீங்க. நான்தான் நிக்க வச்சேன்."

"ஒழுகியிருந்தா?" என்றார் அப்பா.

"ஒழுகியிருக்குமா?"

அப்பாவுக்கு வேலை விஷயத்தில் பொய் வராது. "இல்ல" என்றார்.

"இருபத்திரண்டு வருஷம் ஏன் சொல்லலை?"

"நீ முருகனைக் காட்டினே. நான் என்ன சொல்றது, தக்கை பெருசா முருகன் பெருசான்னா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "போங்க, அங்க ஒருத்தருக்கு கிளாஸ் காலியா இருக்கு" என்றாள். அப்பா போனார்.

நான் சமையலறைப் பக்கம் போய், ஒரு திருகு மூடிப் போத்தலின் அடியில் மிஞ்சியிருந்ததில் ஒரு வாய் ஊற்றிக் குடித்தேன். திரும்பினால் வாசலில் அம்மா.

"டெஸ்ட் வேலைக்கா?" என்றாள்.

"வேலைக்குத்தான்."

"சரி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள்.

விருந்து முடிந்ததும் விடுதிக்காரர் அப்பாவிடம் வந்தார். மிஞ்சிய நல்ல போத்தல்களை வைத்துக்கொள்ள விருப்பம், காசாகக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் கரைச்சல், வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். தக்கைப் போத்தல்கள் இருபத்து மூன்றையும் தானே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, கறிக்காவது ஆகுமா என்று சொல்வதாகவும் சொன்னார். அப்பா, ஒன்றும் வேண்டாம், நல்ல மேசைக்கு வந்ததே போதும் என்று தொடங்கினார். அம்மா குறுக்கே வந்தாள்.

"ஒண்ணும் வேணாம்னு சொல்லாதீங்க. ஐயா, இவரு மலைக்குப் போயிட்டு வந்து மாலை கழட்டுனதும், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்க அனுப்புறேன். வேலை குடுங்க. ஓய்வு எடுத்ததுலருந்து என் அடுப்படியில உப்புப் போத்தலையும் சீனிப் போத்தலையும் எழுத்து வரிசையில அடுக்குறாரு. புள்ளையும் அப்பாவைப்போலத்தான். ரெண்டு பேரை என்னால தாங்க ஏலாது."

"வாங்கோ ஐயா" என்றார் விடுதிக்காரர் உடனே. "எனக்கு ஒரு மூக்கு வேணும். என்ர மூக்கு சமையல் புகையில போயிட்டுது."

அப்பா தலையை ஆட்டினார். அப்போதுதான் அவர் முழுதாக மூச்சு விட்டிருக்க வேண்டும். ஒரு பொத்தான் தெறித்துக் கதிரைக்கடியில் ஓடியது. நானும் அம்மாவும் குனிந்து தேடினோம்.

திரும்பும்போது வான் வளைவுகளில் மெதுவாக இறங்கியது. அம்மா முன்னாசனத்தில். பின்னால் நானும் அப்பாவும் காலிப் பெட்டிகளும். கொஞ்ச தூரம் போனதும் அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

"நீ குடிச்சியாமே?"

"ஒரு வாய்."

"எப்படி இருந்துச்சு?"

ஆய்வுகூடத்தில் சுவை பார்ப்பதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அந்த வரிசையிலேயே சொன்னேன். "புளிப்பு அளவா இருந்துச்சு. துவர்ப்பு இருந்துச்சு. நாவல்பழம் மாதிரி."

"நாவல்பழம் இல்ல" என்றார். "கறுவாப்பட்டை. கடைசியில கொஞ்சம் மிளகு."

"அப்பா, நீங்க குடிக்கவே இல்ல."

"நீ குடிச்ச. மோந்து பாத்தியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன குடிச்ச? தண்ணியைக் குடிக்கிற மாதிரி குடிச்சிருக்க. மொதல்ல மோக்கணும். கிளாஸைச் சுத்தி, ஆறவிட்டு…"

"கறுவா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் மசாலா டெஸ்ட் பண்றவ."

"பைக்கெட் மசாலா டெஸ்ட் பண்றவ."

அம்மா திரும்பாமலே கையை உயர்த்தினாள். "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. வான்காரர் கண்ணாடியில உங்களையே பாத்துக்கிட்டு வர்றாரு."